பெருங்குடல் கட்டியின் நொதிகள்: எவ்வளவு, எங்கே, வேலை செய்கிறதா?

வீட்டில் ஜெல்லி செய்து பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். ஜெலட்டின் கரைசலில் அப்போதுதான் வெட்டிய அன்னாசித் துண்டுகளைப் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால், விடிய விடிய வைத்தாலும் உறையாது. டின் அன்னாசி போட்டால் உறைந்துவிடும். ஜெலட்டினுக்குப் பதில் அகார் அகார் என்றால் புது அன்னாசி போட்டும் உறையும். எல்லாம் புரோமெலைன் என்ற நொதியின் வேலை. ஜெலட்டின் ஒரு புரதம், புரோமெலைன் புரதத்தை நறுக்கும். டின்னில் அடைக்கும்போது படும் சூட்டில் நொதியின் உருவம் குலைந்துவிடுவதால் அது வெறும் பெயருக்குத்தான் அங்கே இருக்கிறது. அகார் அகாரோ கடற்பாசியிலிருந்து எடுத்த சர்க்கரைச் சங்கிலி. அதில் புரோமெலைனுக்கு வேலையே இல்லை.

பெருங்குடல் கட்டியில் நொதிகளை அளப்பது பற்றிப் புரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்த ஜெல்லிக் கிண்ணத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு நொதிக்கும் தனக்கென்று ஒரு பொருள் உண்டு. அது இருக்கிறது என்பதால் வேலை செய்கிறது என்று ஆகிவிடாது. டின் அன்னாசியில் எவ்வளவு புரோமெலைன் புரதம் இருக்கிறது என்று மட்டும் அளந்தவர் ஜெல்லி உறையாது என்றுதான் சொல்லியிருப்பார்.

சிங்கப்பூரில் ஆண், பெண் இருபாலரிடமும் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. அதனால் 'கட்டியில் இந்த நொதி கூடுதலாம், நோய் முற்றிவிட்டதா?' என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுகிறது. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை நொதியை வைத்து முடிவு செய்வதில்லை. கட்டி சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நிணநீர் முடிச்சுகளில் இருக்கிறதா, கல்லீரல், நுரையீரல் போன்ற தூர உறுப்புகளுக்குப் போயிருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துத்தான் கட்டம் சொல்வார்கள். கட்டி எந்த வழியில் முன்னேறுகிறது, எந்த மருந்துக்குப் பணியும் என்ற கேள்விகளில்தான் நொதிகள் உதவுகின்றன. சில உதவிகள் ஆய்வகத்தோடு நின்றுவிட்டன, சில நோயாளியின் அறிக்கை வரை வந்துவிட்டன. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாத பயம் வருகிறது.

முதலில் சுவர். பெருங்குடலின் உட்பக்கத்தில் ஒற்றை வரிசைச் செல்கள் குழிகுழியாக மடிந்து கிடக்கின்றன. அவற்றின் அடியில் அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய விரிப்பு இருக்கிறது. அதன் நெசவு பெரும்பாலும் நான்காம் வகைக் கொலாஜன் என்ற புரதம். அதற்கும் கீழே சளிச்சவ்வின் மெல்லிய தசை, பிறகு இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடும் கீழ்ச்சளிப்படலம், பிறகு தடித்த தசைப்படலம், அதற்கு வெளியே கொழுப்பு. பாலிப் என்னும் விழுது உட்பக்கத்தோடு நிற்கும் வரை பரவும் ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. கட்டி கீழ்ச்சளிப்படலத்தைத் தொட்டால் டி1, தசைக்குள் போனால் டி2, தசையைத் தாண்டிக் கொழுப்பில் இறங்கினால் டி3, குடலின் வெளித்தோலையோ பக்கத்து உறுப்பையோ துளைத்தால் டி4. நிணநீர் முடிச்சுகளைப் பொறுத்தவரை, அறுவையில் எடுத்த துண்டிலிருந்து குறைந்தது 12 முடிச்சுகளையாவது தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது நோயியல் மருத்துவர்களின் கணக்கு.

ஒவ்வொரு அடுக்கையும் தாண்ட ஏதோ ஒன்று நெசவை அறுத்தாக வேண்டும். அறுப்பவற்றில் அதிகம் ஆராயப்பட்டவை எம்எம்பி என்று சுருக்கிச் சொல்லப்படும் துத்தநாக நொதிகள். இந்தக் குடும்பத்தின் முதல் நொதியை 1962-இல் ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாப்பியேரும் தலைப்பிரட்டையின் வாலில் கண்டார்கள். தவளையாகும்போது வால் கரைகிறதே, எது கரைக்கிறது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அதே குடும்பத்து நொதிகள் காயம் ஆறவும், எலும்பு வளரவும் நம் உடலில் தினமும் உழைக்கின்றன. ஆகவே எம்எம்பி என்றாலே புற்றுநோய் என்று நினைக்கக் கூடாது.

குடல் கட்டியில் மூன்றைச் சொல்லலாம். எம்எம்பி-2, எம்எம்பி-9 இரண்டும் நான்காம் வகைக் கொலாஜனையும் ஜெலட்டினையும் அறுப்பவை. எம்எம்பி-7 சிறியது, ஆனால் அதைப் பெரும்பாலும் புற்றுச் செல்லே சுரக்கிறது. மற்ற இரண்டும் அப்படியல்ல. எம்எம்பி-2 பெரிதும் கட்டியைச் சூழ்ந்த நார்த்திசுச் செல்களிலிருந்தும், எம்எம்பி-9 பெரிதும் அங்கே வந்து கூடும் வெள்ளணுக்களிலிருந்தும் வருகின்றன. யாரோ சுரப்பதைக் கட்டி பயன்படுத்திக்கொள்கிறது.

இவை எல்லாம் பூட்டிய நிலையில்தான் வெளிவருகின்றன. நொதியின் வாயில் ஒரு சிறு வால் துத்தநாகத்தை மூடிக்கொண்டிருக்கும். அந்த வால் வெட்டப்பட்டால்தான் நொதி விழிக்கும். விழித்த பிறகும் டிம்ப் என்ற தடுப்புப் புரதம் வந்து வாயை அடைக்கலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் சுவரை இடிக்க ஆளும் சம்மட்டியும் வந்து நின்றாலும் அனுமதிக் கடிதம் இல்லாமல் ஓர் அடி விழாது அல்லவா, கிட்டத்தட்ட அந்த நிலைமை. சம்மட்டிகளை மட்டும் எண்ணினால் எத்தனை சுவர் இடிந்தது என்று தெரியாது.

விழித்ததையும் உறங்குவதையும் பிரித்துப் பார்க்க ஆய்வகத்தில் செய்வது ஏறக்குறைய அந்த அன்னாசி ஜெல்லிச் சோதனையேதான். பெயர் ஜெலட்டின் சைமோகிராபி. செய்முறையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இந்தத் துறையில் தவறுகள் பெரும்பாலும் முடிவை விளக்கும்போது நடப்பதில்லை, திசுவைக் கையாளும்போதே நடந்துவிடுகின்றன.

அறுவை அறையில் குடல் துண்டுக்கு இரத்த ஓட்டம் நின்ற கணத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. செல்கள் சாகும், உள்ளிருக்கும் நொதிகள் ஒன்றையொன்று தின்னும். ஆகவே கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டும், பல சென்டிமீட்டர் தள்ளியுள்ள நல்ல சளிச்சவ்விலிருந்து ஒரு துண்டும் உடனே எடுத்து, பனிக்கட்டி போன்ற குளிரில் இருக்கும் உப்புநீரில் இரத்தம் போகக் கழுவி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, மைனஸ் 80 டிகிரியில் சேமிக்க வேண்டும். கட்டியின் நடுப்பகுதி பெரும்பாலும் செத்துக் குழைந்திருக்கும். அங்கே எடுத்தால் எதுவும் தேறாது. நோய்க்கூறு நிர்ணயத்துக்கு வேண்டிய பகுதிகளை நோயியல் மருத்துவர் ஒதுக்கிய பிறகுதான் ஆராய்ச்சிக்குத் துண்டு என்பதும் விதி.

50 முதல் 100 மில்லிகிராம் திசுவைக் குளிர்ந்த கரைசலில் அரைத்து, 4 டிகிரியில் மையவிலக்கில் சுழற்றி, மேலே தெளிந்த நீரை எடுக்கிறார்கள். அதன் புரத அளவைக் கணக்கிட்டு, எல்லா மாதிரிகளிலும் ஒரே அளவு, பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரோகிராம் புரதம், ஜெலட்டின் கலந்த ஜெல்லில் ஏற்றுகிறார்கள். ஜெல்லில் ஜெலட்டின் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். மின்சாரம் பாயும்போது நொதிகள் எடைவாரியாகப் பிரிகின்றன. பிறகு 2.5 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100 கரைசலில் இரண்டு முறை அரைமணி நேரம் கழுவினால், நொதியை மடங்க விடாமல் பிடித்திருந்த எஸ்டிஎஸ் சோப்பு வெளியேறிவிடும். நொதி மறுபடி உருவம் பெறும். கால்சியம் உள்ள கரைசலில் 37 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் விட்டால், நொதி நின்ற இடத்தில் நின்றபடியே தன்னைச் சுற்றியுள்ள ஜெலட்டினைத் தின்னும். புரதத்தில் ஒட்டும் கூமாசி நீலச் சாயத்தில் முக்கி எடுத்தால் ஜெல் முழுக்க நீலம், தின்ற இடம் மட்டும் வெள்ளைக் கோடு.

புரதத்தின் எடையைக் கிலோடால்டன் என்ற அலகில் சொல்வார்கள். 92 கிலோடால்டனில் கோடு விழுந்தால் உறங்கும் எம்எம்பி-9. 72-இல் உறங்கும் எம்எம்பி-2. அவற்றுக்குக் கொஞ்சம் கீழே, ஏறத்தாழ 10 கிலோடால்டன் குறைவாக, இன்னொரு கோடு இருந்தால் அது வால் வெட்டப்பட்டு விழித்த நொதி. உறங்கும் நொதியும் ஜெல்லில் கோடு போடுவது எப்படி என்று கேட்கலாம். எஸ்டிஎஸ் வாலை வெட்டாமலேயே விலக்கிவிடுகிறது, அதனால்தான். ஆகவே கோடு இருக்கிறதா என்பதைவிட எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே செய்தி. நல்ல சளிச்சவ்வில் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும் அந்தக் கீழ்க்கோடு பல குடல் கட்டிகளில் எடுப்பாகத் தெரிகிறது.

இனி கெட்டுப்போகும் இடங்கள். மாதிரியைக் கொதிக்க வைத்தால் டின் அன்னாசி கதைதான். வழக்கமான புரத ஜெல்லுக்குப் போடும் மெர்காப்டோஎத்தனாலைப் பழக்கத்தில் போட்டுவிட்டால் நொதியின் கந்தகப் பாலங்கள் உடைந்து கோடு காணாமல் போகும். அரைக்கும் கரைசலில் ஈடிடிஏ இருந்தால் அது கால்சியத்தையும் துத்தநாகத்தையும் பிடுங்கிக்கொள்ளும். கடைகளில் கிடைக்கும் தடுப்பான் கலவைகள் பலவற்றில் ஈடிடிஏ இருப்பதால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். இதே ஈடிடிஏ இன்னொரு இடத்தில் நண்பன்: ஒரு துண்டு ஜெல்லை மட்டும் ஈடிடிஏ கலந்த கரைசலில் ஊற வைத்து, கோடு மறைந்தால், தின்றது உலோக நொதிதான் என்று உறுதி. மறையாவிட்டால் வேறு ஏதோ புரத நொதி கலந்திருக்கிறது.

இதைவிட நுட்பமான பொறி வெள்ளணுக்கள். நியூட்ரோஃபில் செல்கள் எம்எம்பி-9-ஐப் பொட்டலம் கட்டி வயிற்றில் வைத்திருக்கின்றன. புண்பட்டு அழன்ற எந்தக் குடலிலும், புற்றே இல்லாத குடலழற்சியிலும், எம்எம்பி-9 ஏறும். ஜெல்லின் மேல்பக்கம் 125 முதல் 130 கிலோடால்டன் அளவில் கூடுதலாக ஒரு கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் நியூட்ரோஃபில்லிலிருந்து வந்ததன் அடையாளம், ஏனென்றால் அந்தச் செல்லிலிருந்து எம்எம்பி-9 இன்னொரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

கணக்கிலும் ஒரு பொறி உண்டு. விளக்கத்துக்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். 100 மில்லிகிராம் கட்டியில் ஒரு நொதியின் செயல்பாடு 20 அலகு, 100 மில்லிகிராம் நல்ல திசுவில் 12 அலகு. கட்டியில்தான் அதிகம் என்று தோன்றும். ஆனால் கட்டித் துண்டில் புரதம் 8 மில்லிகிராம், நல்ல துண்டில் 4 மில்லிகிராம் என்றால், ஒரு மில்லிகிராம் புரதத்துக்குக் கட்டியில் 2.5, நல்ல திசுவில் 3. முடிவு தலைகீழ். நெருக்கமாகச் செல்கள் அடைந்த திசுவில் எல்லாமே அதிகமாகத்தான் தெரியும். ஆகவே எந்த ஆய்வில் 'இரண்டு மடங்கு' என்று படித்தாலும் எதற்கு இரண்டு மடங்கு என்று கேட்பது நியாயம்.

அரைத்துவிட்டால் நொதி எங்கே இருந்தது என்ற செய்தி அழிந்துவிடுகிறது. அதற்குத்தான் ஃபார்மலினில் பதப்படுத்திய திசு. ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று தைத்துவிடும். நொதியின் செயல் செத்துப்போகும், இடம் மட்டும் அப்படியே நிற்கும். பாரஃபின் மெழுகில் புதைத்து, சுமார் 4 மைக்ரான் தடிமனில் சீவி, அந்த நொதியை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பொருளை ஒட்டவிட்டு, எதிர்ப்பொருள் ஒட்டிய இடத்தைப் பழுப்பாக்குகிறார்கள். பழுப்பாக்குவதும் ஒரு நொதிதான்: ஹார்ஸ்ராடிஷ் என்ற காரக்கிழங்கின் பெராக்சிடேஸ். மலிவு வசாபிப் பசையில் பெரும்பாலும் இருப்பது இந்தக் கிழங்கே. இரத்தச் சிவப்பணுக்களுக்கும் இதே போன்ற குணம் இருப்பதால், முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி அவற்றை அடக்காவிட்டால் இரத்தம் நின்ற இடமெல்லாம் பழுப்பாகி ஏமாற்றும்.

பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) அறிந்தவர்களுக்கு இங்கே ஒரு தொடர்பு. மலத்தில் மறைந்த இரத்தத்தைத் தேடும் பழைய குவாயாக் சோதனை, இரத்தத்தின் இந்தப் பெராக்சிடேஸ் குணத்தைத்தான் நம்பியிருந்தது. அதனால் ஆட்டிறைச்சி சாப்பிட்டாலும், சில கிழங்குகள் சாப்பிட்டாலும் பொய்யாக நிறம் மாறும், பத்தியம் இருக்க வேண்டும். இப்போது சிங்கப்பூரில் 50 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை செய்யச் சொல்லும் ஃபிட் சோதனை, எதிர்ப்பொருளைக் கொண்டு மனித ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கிறது. முந்தைய நாள் தேக்காவில் மட்டன் பிரியாணி சாப்பிட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெவ்வேறு நாள்களில் இரண்டு மாதிரி எடுக்கச் சொல்வது கட்டி தினமும் கசியாது என்பதால். அதில் ஒன்று நேர்மறையாக வந்தாலும் அடுத்து கொலோனோஸ்கோப்பிதான். மறுபடி ஃபிட் செய்து பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதில் பயனில்லை.

லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற எல்டிஎச் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இரத்த அறிக்கையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் பதறுகிறார்கள். ஆக்சிஜன் இருக்கும்போதும் கட்டிகள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றித் தள்ளுவதை ஓட்டோ வார்பர்க் 1920களில் கவனித்தார். அந்தக் கடைசிப் படியைச் செய்வது எல்டிஎச். கட்டித் திசுவில் அது ஏறுவதும், பரவிய நோயில் இரத்த எல்டிஎச் ஏறியிருந்தால் நிலைமை கடினம் என்பதும் உண்மையே. ஆனால் சிவப்பணு, தசை, கல்லீரல், இதயம் எல்லாவற்றிலும் அது நிறைந்திருக்கிறது. இரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தாலே போதும், எண் ஏறிவிடும். இரத்த எல்டிஎச்சை வைத்துக் குடல் புற்றுநோயைக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, நோயாளியின் அறிக்கைக்கு உண்மையில் வந்து சேர்ந்தவை எவை? எம்எம்பி வரவில்லை. 1990களில் எம்எம்பிகளை அடைக்கும் மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகள் பெரும் எதிர்பார்ப்போடு வந்து, ஆய்வுகளில் தோற்று, மூட்டுவலியைத்தான் மிச்சம் வைத்தன. சில எம்எம்பிகள் கட்டியைக் கட்டுப்படுத்தும் பக்கமும் வேலை செய்கின்றன, முற்றிய நோயில் சுவர் ஏற்கனவே இடிந்துவிட்டது என்று காரணங்கள் பிறகு தெளிந்தன. நோயோடு சேர்ந்து ஏறும் ஒன்றை அடைத்தால் நோயும் இறங்கும் என்று எதிர்பார்த்தது அவசரம்.

வந்து சேர்ந்ததில் முதன்மையானது டிஎன்ஏ பிழைதிருத்தும் நான்கு புரதங்கள்: எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6. இங்கே அதிகமானால் கவலை இல்லை, இல்லாமல் போவதுதான் செய்தி. குடல் புற்றுகளில் ஏறத்தாழ 15 சதவீதத்தில் இந்தக் குழு செயலிழந்திருக்கும். நுண்ணோக்கிச் சிலைடைப் பார்க்கும்போது கட்டிச் செல்லின் கரு வெளிறியிருக்க, பக்கத்திலுள்ள லிம்போசைட் என்ற வெள்ளணுக்களின் கரு பழுப்பாக இருக்க வேண்டும். அவையும் வெளிறியிருந்தால் சாயம் பிடிக்கவில்லை என்று அர்த்தம், சோதனையை மறுபடி செய்ய வேண்டும். எம்எல்எச்1 போனால் அதன் துணையான பிஎம்எஸ்2-உம் நிற்க முடியாமல் போகும். அப்போது பிஆர்ஏஎஃப் மரபணுவையும், எம்எல்எச்1 மரபணு மெத்தில் பூச்சால் அடைக்கப்பட்டதா என்பதையும் பார்ப்பார்கள். அடைக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் அந்தக் கட்டியோடு முடிந்த விஷயம். எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 போயிருந்தால் குடும்பத்தில் வரும் லிஞ்ச் நோய்க்குறியா என்று மரபணு ஆலோசனைக்கு அனுப்புவார்கள், அப்போது அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகளுக்கும் அந்த அறிக்கை முக்கியம். இரண்டாம் கட்ட நோயில் இந்தக் குழு இல்லாத கட்டிகள் பொதுவாகச் சாதுவாக நடந்துகொள்கின்றன, ஃபுளோரோயுராசில் என்ற கீமோ மருந்தை மட்டும் கொடுப்பதால் அவற்றில் பெரிய பலன் இல்லை. பரவிய நோயிலோ, நோயெதிர்ப்பு மருந்துகள் இவற்றில்தான் நன்றாக வேலை செய்கின்றன.

செல்லை வளரச் சொல்லும் சுவிட்சான ராஸ் புரதமும் ஒரு நொதிதான், தன்னிடம் ஒட்டிய ஜிடிபி என்ற மூலக்கூறை உடைத்துத் தன்னை அணைத்துக்கொள்ளும். குடல் கட்டிகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் மரபணுப் பிழையால் அணைய முடியாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. அப்படிப்பட்ட கட்டிக்கு செட்டுக்சிமாப் போன்ற மருந்துகள் பயன் தருவதில்லை என்பதால் முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்கள்.

கேப்பசிட்டபின் என்ற கீமோ மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு நொதிகளைத் தெரிந்துவைத்திருக்கலாம். மாத்திரையை ஃபுளோரோயுராசிலாக மாற்றும் கடைசிப் படியைத் தைமிடின் பாஸ்போரிலேஸ் செய்கிறது. அது நல்ல திசுவைவிடக் கட்டியில் அதிகம், மருந்து அங்கே கூடுதலாக உருவாகட்டும் என்பதுதான் மாத்திரையின் திட்டமே. எதிர்ப்பக்கம் டிபிடி என்ற கல்லீரல் நொதி, மருந்தில் 80 சதவீதத்துக்கு மேல் உடைத்து வெளியேற்றுகிறது. பிறவியிலேயே டிபிடி குறைந்தவர்களுக்கு வழக்கமான அளவே விஷமாகிவிடும்: கடும் வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், வெள்ளணு சரிவு. இது கட்டியில் பார்ப்பதல்ல, இரத்தத்தில் பார்க்கும் சோதனை. கீமோ தொடங்குவதற்கு முன் 'டிபிடி பார்த்தாயிற்றா, டாக்டர்?' என்று கேட்பதில் தவறே இல்லை.

அறுவைக்குப் பிறகு அந்த மெழுகுக் கட்டை எங்கே போகிறது என்றும் கேட்டு வைக்கலாம். ஆய்வகங்கள் அதைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்கும். வேறு மருத்துவமனைக்கு மாறினாலோ, இரண்டு ஆண்டு கழித்து நோய் திரும்பினாலோ, பிழைதிருத்தும் புரதங்களையும் ராஸையும் அதே கட்டையிலிருந்து சீவிப் பார்க்க முடியும். எம்எம்பி விழித்திருந்ததா, உறங்கியதா என்பதை மட்டும் அந்தக் கட்டையிலிருந்து இனி யாராலும் சொல்ல முடியாது. ஃபார்மலினில் முக்கிய அன்றே அந்தச் செய்தி அழிந்துவிட்டது.